இறுக்கத் தலைவலிக்குத் தளர்வுப் பயிற்சியும் பயோஃபீட்பேக்கும்: டயரி முதல் கருவி வரை

சுமையை இறக்கிய பிறகும் சும்மாடு தலையிலேயே அழுத்திக்கொண்டிருப்பதுபோல ஒரு வலி. நெற்றியில் தொடங்கும், இரண்டு பொட்டுகளிலும் பரவும், பிடரியில் போய் உட்காரும். ஆளைப் படுக்கையில் தள்ளாது. வேலையையும் ஒழுங்காகச் செய்ய விடாது. சாயங்காலமானால் தைலத்தைத் தேடவைக்கும் இந்த வலிக்கு வீடுகளில் சைனஸ், பித்தம், கண் பவர் என்று பல பெயர்கள். மருத்துவர்கள் டென்ஷன் தலைவலி என்பார்கள். இங்கே இறுக்கத் தலைவலி என்று வைத்துக்கொள்வோம்.

மாத்திரை இல்லாமல் இந்த வலி வரும் நாட்களைக் குறைக்க நன்கு சோதிக்கப்பட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தளர்வுப் பயிற்சி, இன்னொன்று பயோஃபீட்பேக், அதாவது உடலில் நடப்பதை ஒரு கருவி காட்ட, அதைப் பார்த்து மாற்றப் பழகுவது. இரண்டும் வலி வந்த பிறகு எடுக்கும் மருந்து போன்றவை அல்ல. நீச்சல் கற்பதுபோலக் கற்கவேண்டியவை. ஆகவே 12 வாரம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். முதல் வாரத்திலேயே பலன் தேடுகிறவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில், இது அந்தத் தலைவலிதானா?

சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வரையறைப்படி இறுக்கத் தலைவலி ஒரு தடவை வந்தால் 30 நிமிடம் முதல் 7 நாள் வரை நீடிக்கலாம். பெரும்பாலும் இருபக்கமும் வலிக்கும். அழுத்தும், இறுக்கும், விண்விண்ணென்று துடிக்காது. மிதமான வலியாக இருக்கும். குமட்டலோ வாந்தியோ இராது. வெளிச்சம், சத்தம் இரண்டில் ஒன்று வேண்டுமானால் தொந்தரவு தரலாம். இரண்டும் சேர்ந்து தராது.

எளிய சோதனை ஒன்று: வலி இருக்கும்போது இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். ஏறும்போது வலி கூடி, படுத்தால் தேவலை என்று தோன்றினால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றம் இல்லையென்றால் இறுக்கத் தலைவலிப் பக்கம் சாய்கிறது. பலருக்கு இரண்டும் கலந்தே வரும்; அதற்காக இந்தப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மாதத்துக்கு 1 முதல் 14 நாள் வரை வந்தால் ‘அடிக்கடி வரும்’ வகை. 15 நாளும் அதற்கு மேலும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் ‘நாள்பட்ட’ வகை. இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பது கடைசியில் தெரியும்.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை ஒத்திவைத்து முதலில் மருத்துவரைப் பாருங்கள். இடி விழுந்ததுபோல ஒரே நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறிய வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி: இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனை. இருமினாலோ குனிந்தாலோ படுத்தாலோ கூடும் வலி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும் வலி, கர்ப்ப காலத்தில் புதிதாக வந்த வலி ஆகியவற்றையும் காட்டாமல் விடக்கூடாது. 50 வயதுக்கு மேல் முதன்முதலாகத் தலைவலி வந்து, பொட்டைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் நோகிறதென்றால் தள்ளிப்போடவே வேண்டாம். கவனிக்காமல் விட்டால் கண்பார்வையைப் பறிக்கும் ரத்தக்குழாய் அழற்சி அப்படித்தான் தொடங்கும்.

கருவி என்ன செய்கிறது?

தசை இறுகும்போது அதில் நுண்ணிய மின்சாரம் எழும். அதன் அளவு மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தோலின்மேல் ஒட்டிய சென்சார் அதைப் பிடித்து, பெருக்கி, ஒலியாகவோ திரையில் கோடாகவோ காட்டுகிறது. நெற்றி இறுகினால் ஒலி ஏறும், தளர்ந்தால் இறங்கும். முதுகில் ஒட்டிய சேற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல, நமக்குத் தெரியாமல் நாம் செய்துகொண்டிருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது. கருவி உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. பிசியோதெரப்பியில் வைக்கும் ‘கரண்ட்’ வேறு, இது வேறு.

இறுக்கத் தலைவலிக்கு இந்த முறையை 1970ல் முன்வைத்தவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் புட்சின்ஸ்கி, யோஹன் ஸ்டோய்வா, சார்லஸ் ஆட்லர் மூவரும். அவர்களின் கணக்கு நேரானது: நெற்றித் தசை இறுகுகிறது, அதனால் வலிக்கிறது, தளர்த்தினால் வலி போகும். பின்னால் வந்த ஆய்வுகள் கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிட்டன. தலைவலிக்காரர்களின் நெற்றியும் மற்றவர்களின் நெற்றியும் பல ஆய்வுகளில் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டின.

1984ல் அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஹால்ராய்ட் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பாதிக்கு நெற்றியைத் தளர்த்தவும், மறு பாதிக்கு அவர்களுக்கே தெரியாமல் இறுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லோரிடமும் ‘தளர்த்துகிறீர்கள்’ என்றே சொன்னார்கள். இறுக்கியவர்களுக்கும் வலி குறைந்தது! ‘மிக நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று காட்டப்பட்டவர்களுக்கு 53 சதவீதமும், ‘சுமாராகச் செய்கிறீர்கள்’ என்று காட்டப்பட்டவர்களுக்கு 26 சதவீதமும் குறைந்தது. தசை எந்தப் பக்கம் போனது என்பதைவிட, ‘இது என் கைக்குள் வருகிறது’ என்ற நம்பிக்கை அதிகம் வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 53 ஆய்வுகளைச் சேர்த்து 2008ல் வெளிவந்த தொகுப்பாய்வு, பயோஃபீட்பேக் வெறும் தளர்வுப் பயிற்சியையும் போலி சிகிச்சையையும் விடக் கூடுதல் பலன் தந்ததையும், அந்தப் பலன் சராசரியாக 15 மாதம் வரை நின்றதையும் காட்டியது. தளர்வுப் பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோதுதான் பலன் அதிகம். எனவே எங்கள் வரிசை இது: முதலில் டயரி, பிறகு தளர்வு, அதற்குப் பிறகே கருவி. பணத்தைக் கொட்டிக் கருவியில் தொடங்குகிறவர்கள் எதிர்வரிசையில் போகிறார்கள்.

வாரம் 1, 2: டயரி மட்டும்

இந்த இரண்டு வாரமும் எதையும் மாற்றாதீர்கள். ஒரு சின்ன நோட்டில் ஒரு நாளைக்கு நான்கு தடவை எழுதுங்கள்: காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, படுக்கப்போகும் நேரம். மதிப்பெண் 0 முதல் 5 வரை. 0 என்றால் வலியே இல்லை. 1 என்றால் நினைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. 2 என்றால் தெரிகிறது, ஆனால் மறந்துவிட முடிகிறது. 3 என்றால் மறக்க முடியவில்லை, வேலை ஓடுகிறது. 4 என்றால் வேலை தடைப்படுகிறது. 5 என்றால் எதுவும் செய்ய முடியவில்லை.

வாரத்துக்கு 28 மதிப்பெண் சேரும். அவற்றைக் கூட்டி 28ஆல் வகுத்தால் அந்த வாரத்தின் தலைவலிக் குறியீடு. கூட்டுத்தொகை 42 என்றால் குறியீடு 1.5. பன்னிரண்டாம் வாரத்தில் அது 0.75க்கு வந்தால் பாதியாகக் குறைந்ததாகக் கணக்கு. பாதி குறைவதைத்தான் ஆய்வுகளிலும் நல்ல பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பூஜ்ஜியத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நான்கு விஷயம் போதும்: அன்று போட்ட மாத்திரை, தூங்கிய மணிநேரம், காபி டீ எத்தனை, வலிக்கு முந்தைய இரண்டு மணிநேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இந்த நான்காவது பத்தியில்தான் புதையல் இருக்கிறது. தையல் மெஷின்மேல் குனிந்தது, செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிப் பேசியது, பரீட்சைத்தாள் திருத்தியது, ஹெல்மெட்டோடு ஒரு மணிநேரம் வெயிலில் நின்றது, காலைச் சாப்பாட்டை விட்டது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காபி தாமதமானது எனத் திரும்பத் திரும்ப வரும் ஒன்று தெரியும்.

வழக்கமாகப் பிசகுவது இரண்டு இடத்தில். வலித்த நாட்களில் மட்டும் எழுதுவது ஒன்று. 0 எழுதிய கட்டங்கள் இல்லாமல் குறியீட்டுக்குப் பொருள் இல்லை. நான்கையும் இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவது இன்னொன்று. இரவில் தலை வலித்தால் பகல் முழுக்க வலித்ததாகவே நினைவு சொல்லும்.

மாத்திரைப் பத்தியைத் தனியாக எண்ணுங்கள். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற தனி மருந்தை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். உங்கள் எண்ணிக்கை அங்கே இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அதை முதலில் குறையுங்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றியும் பயனில்லை.

வாரம் 3, 4: பதினாறு தொகுதித் தளர்வு

சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கி 1929ல் நூலாக வெளியிட்ட முறையின் சுருக்கம் இது. அவருடைய மூலப் பயிற்சி பல மாதம் பிடிக்கும். 1973ல் உளவியலாளர்கள் பெர்ன்ஸ்டைன், பார்க்கோவெக் இருவரும் அதைப் பதினாறு தசைத் தொகுதிகளாகச் சுருக்கினார்கள். தத்துவம் எளிது: தசையை வேண்டுமென்றே இறுக்கு, இறுக்கம் எப்படி இருக்கிறது என்று கவனி, சட்டென்று விடு, வித்தியாசத்தைக் கவனி. கவனிப்பதுதான் பாடம். கவனிக்காமல் இறுக்கி விட்டால் அது வெறும் உடற்பயிற்சி.

ஒரு நாளைக்கு இரண்டு முறை. முடியாவிட்டால் ஒரு முறையாவது. முதல் வாரம் 40, 45 நிமிடம் ஆகும். சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்து, வலி இல்லாத அல்லது குறைவாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். தலைக்கு முட்டுக் கொடுக்கும் சாய்வு நாற்காலி சிறந்தது. பாயில் படுப்பதானால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. கண்ணாடி, கைக்கடிகாரம், இடுப்புப் பட்டை, இறுக்கமான கொண்டை எல்லாவற்றையும் கழற்றித் தளர்த்துங்கள். போன் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் 5 முதல் 7 நொடி இறுக்கம், 30 முதல் 40 நொடி தளர்வு. அதையே இன்னொரு முறை. பிறகு அடுத்தது.

1. வலது கை, முன்கை: விரல்களை இறுக்கிமூடுங்கள்.
2. வலது புயம்: முழங்கையை நாற்காலிக் கைப்பிடிமேல் கீழ்நோக்கி அழுத்துங்கள்.
3. இடது கை, முன்கை.
4. இடது புயம்.
5. நெற்றி: புருவத்தை எவ்வளவு மேலே தூக்க முடியுமோ தூக்குங்கள்.
6. கன்னத்தின் மேல்பகுதியும் மூக்கும்: கண்ணை இறுக்கிமூடி மூக்கைச் சுருக்குங்கள்.
7. தாடை: பற்களைக் கடித்து, வாயின் இரு ஓரங்களையும் பின்னுக்கு இழுங்கள்.
8. கழுத்து: மோவாயை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொண்டே, தொடாதபடி தடுங்கள்.
9. நெஞ்சு, தோள், மேல்முதுகு: மூச்சை இழுத்து நிறுத்தி, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றுசேருங்கள்.
10. வயிறு: யாரோ குத்த வருவதுபோல விறைப்பாக்குங்கள்.
11. வலது தொடை: காலை இரண்டு அங்குலம் தூக்கி விறைப்பாக்குங்கள்.
12. வலது கெண்டைக்கால்: கால்விரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள்.
13. வலது பாதம்: விரல்களை உள்ளே லேசாகச் சுருட்டுங்கள். இங்கே 5 நொடிக்கு மேல் போனால் குரக்கு பிடிக்கும்.
14, 15, 16. இடது தொடை, கெண்டைக்கால், பாதம்.

தலைவலிக்காரர்களுக்கு ஒரு திருத்தம் முக்கியம். ஐந்திலிருந்து எட்டு வரையுள்ள நெற்றி, முகம், தாடை, கழுத்து நான்கையும் முழு பலத்தில் இறுக்காதீர்கள். பாதி பலம் போதும். முழுதாக இறுக்கினால் பயிற்சியே அன்றைய தலைவலியைக் கிளப்பிவிடும். கழுத்து எலும்புத் தேய்மானமோ டிஸ்க் தொந்தரவோ இருப்பவர்கள் எட்டாவதை விட்டுவிட்டுத் தலையைத் தலையணைமேல் மெல்ல அழுத்தினால் போதும். தாடை மூட்டில் ‘டக்’ சத்தமோ வலியோ இருந்தால் ஏழாவதில் கடிக்க வேண்டாம், உதட்டை மட்டும் இழுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்பதாவதில் மூச்சை நிறுத்தாமல் செய்யுங்கள்.

விடும்போது மெதுவாக இறக்காதீர்கள். கயிறு அறுந்த பொம்மலாட்டப் பொம்மைபோல ஒரேயடியாக விடவேண்டும். மெதுவாக இறக்குவதற்கே தசை வேலை செய்கிறது. அதனால் வித்தியாசம் மங்கிவிடும்.

நான்காம் வாரத்தில் இன்னொன்றைச் சேருங்கள். இரண்டாம் முறை இறுக்கும்போது பாதி பலம், சில நாள் கழித்துக் கால் பலம், அப்புறம் ‘இறுக்கலாமா’ என்று நினைத்தவுடன் எழும் அசைவு அளவுக்கே. அலுவலக மேசையில் உங்கள் தோள் ஏறும்போது முழு பலத்தில் ஏறுவதில்லை. கால் பலத்தில்தான் ஏறும். அந்தச் சின்ன இறுக்கத்தைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும். சவாசனம் பழகியவர்கள் ‘எனக்கு இது தெரியுமே’ என்பார்கள். உடலைத் தளர்த்துவதில் இரண்டும் உறவுக்காரர்கள்தாம்; இறுக்கத்தின் அளவை இனங்காணும் இந்தப் பாடம் மட்டும் இங்கே கூடுதல்.

பயிற்சியில் தூங்கிவிடுகிறீர்களா? இரவில் படுக்கையில் செய்வதை நிறுத்தி, பகலில் நாற்காலிக்கு மாறுங்கள். தூக்கம் நல்லதுதான், ஆனால் தூங்கியவர் எதையும் கவனித்திருக்கமாட்டார். சிலருக்கு நேர்மாறாக, தளரத் தளரப் படபடப்பும் விழுவதுபோன்ற உணர்வும் வரும். கட்டுப்பாடு நழுவுவதாக மூளை எடுத்துக்கொள்வதால் வருவது அது. கண்ணைத் திறந்துவைத்து, கைகளில் மட்டும் 5 நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு தொகுதியாகக் கூட்டுங்கள். பழைய அதிர்ச்சி நினைவுகள் கிளம்பினால் தனியாகத் தொடராமல் உளவியலாளர் துணையோடு செய்யுங்கள்.

மூச்சு: நாலும் ஆறும்

நான்காம் வாரத்திலிருந்து தனியாக 10 நிமிடம். மூக்கால் 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். இந்த வேகத்தை ஒட்டித்தான் பெரும்பாலோருக்கு இதயத் துடிப்பு மூச்சோடு இசைந்து பெரிய அலையாக ஏறி இறங்குகிறது. சிலருக்கு நிமிடத்துக்கு 5 மூச்சு, சிலருக்கு ஆறரை பொருந்தும். இழுக்கும்போது வயிற்றின்மேல் வைத்த கை எழவேண்டும், நெஞ்சின்மேல் வைத்த கை ஏறக்குறைய அசையாமல் இருக்கவேண்டும். நெஞ்சால் மூச்சு வாங்குகிறவர்களுக்குக் கழுத்தின் பக்கத் தசைகள் நாள் முழுக்கக் கூலி வேலை பார்க்கின்றன.

தலை லேசாகி விரல் நுனி மரத்தால் ஆழமாக இழுத்துவிட்டீர்கள் என்று பொருள்: கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிட்டது. வேகத்தைத் தொடாதீர்கள், அளவைக் குறையுங்கள். பூ வாசனை பார்க்கும் அளவு மூச்சு போதும்.

வாரம் 5 முதல் 8 வரை: சுருக்குவது

நாற்பது நிமிடப் பயிற்சி வாழ்நாள் முழுக்க நடக்காது. ஐந்தாம் வாரத்தில் பதினாறை ஏழாக்குங்கள்: முழு வலது கை, முழு இடது கை, முகம், கழுத்து, உடற்பகுதி, வலது கால், இடது கால். ஆறாம் வாரத்தில் நான்கு: இரு கைகள், முகமும் கழுத்தும், உடற்பகுதி, இரு கால்கள். ஏழாம் வாரத்தில் இறுக்குவதையே விட்டுவிட்டு, ஒவ்வொரு தொகுதியும் தளர்ந்தபோது எப்படி இருந்தது என்று நினைவுகூர்ந்து தளர்த்துங்கள். எட்டாம் வாரத்தில் ஒரு சொல்: மூச்சை விடும்போது மனதுக்குள் ‘விடு’ என்று சொல்லிக்கொண்டே மொத்த உடலையும் தளரவிடுவது. 20, 30 நொடியில் முடியும்.

ஒரு படியில் தளர்வு சரியாக வரவில்லையென்றால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். தேதியைப் பார்த்துத் தாவாதீர்கள்.

இந்தக் குறுக்குவழியை நாளுக்கு 15, 20 தடவை பயன்படுத்துவதில்தான் சிகிச்சையே இருக்கிறது. டயரியின் நான்காவது பத்தியை எடுங்கள். அதில் அடிக்கடி வரும் வேலைகளோடு ஒரு அடையாளத்தைக் கட்டுங்கள். போன் அடிக்கும்போது எடுக்கும் முன் ஒரு மூச்சு. சிக்னலில் நிற்கும்போது தோள். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டிய சின்னப் பச்சைப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் தாடை. குக்கர் விசில் அடித்தால் நெற்றி. வேலைக்குத் தேவையான தசை மட்டும் வேலை செய்யட்டும். பேனா பிடிப்பதற்குத் தாடை எதற்கு?

தாடைக்கு ஒரு நிலை உண்டு. ‘நான்’ என்று சொல்லி அந்தக் கடைசி ‘ன்’னில் நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு மேட்டில் லேசாகத் தொட்டு நிற்கும். உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. மென்று விழுங்கும் நேரம் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொடவேண்டிய வேலையே கிடையாது. இதைக் கேட்டவுடன் பலர் தங்கள் பற்கள் கடித்தபடி இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். இந்த வரியைப் படிக்கும்போதும்கூட.

கருவியோடு உட்காரும்போது

எட்டாம் வார முடிவில் குறியீடு பாதியாகியிருந்தால் கருவி தேவையில்லை. குறையவில்லை, அல்லது ‘தளர்ந்தேனா இல்லையா என்றே தெரியவில்லை’ என்ற நிலை என்றால் இப்போது போங்கள். வழக்கமாக 8 முதல் 12 அமர்வு, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. இந்தியாவில் மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்கள், பெரிய மருத்துவமனைகளின் நரம்பியல், மனநலப் பிரிவுகள், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்குரிய இடங்கள். போவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: தசையை அளக்கும் இஎம்ஜி கருவியா, அல்லது விரல் வியர்வையை மட்டும் அளக்கும் கருவியா? வீட்டுப் பயிற்சி கொடுப்பீர்களா? கருவி இல்லாமல் செய்து பார்க்கும் நேரம் அமர்வில் உண்டா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டோ நெற்றியில் விபூதி, சந்தனம், க்ரீம் பூசிக்கொண்டோ போகாதீர்கள். சென்சார் பிடிக்காது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தோலைத் துடைத்து, உலர்ந்த பிறகே ஒட்டவேண்டும். நெற்றிக்கு இரண்டு சென்சார், கண்மணிக்கு நேர்மேலே, புருவத்திலிருந்து சுமார் இரண்டரை செ.மீ. உயரத்தில், நடுநெற்றியில் தரை (எர்த்) சென்சார். பிடரியும் தோளும் இறுகுகிறவர்களுக்குத் தோள்மேட்டுத் தசையில், கழுத்தடி எலும்பு முண்டுக்கும் தோள் நுனிக்கும் நடுவில், 2 செ.மீ. இடைவெளியில் ஒட்டுவார்கள். எங்கள் அனுபவத் தீர்ப்பு: மேசை வேலைக்காரர்களுக்கு நெற்றியைவிடத் தோள் அதிகம் பேசும். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அமர்வு இப்படிப் போகும். 5 முதல் 10 நிமிடம் சும்மா உட்கார்ந்து அமைதியாவது. 5 நிமிடம் திரையைப் பார்க்காமல் அடிப்படை அளவு. 15 முதல் 20 நிமிடம் ஒலியோ கோடோ பார்த்துப் பயிற்சி. கடைசி 5 நிமிடம் திரையைத் திருப்பிவைத்து, கற்றதை மட்டும் வைத்துத் தளர்த்துவது. நடுவில் மனக்கணக்குப் போடச் சொல்லியோ, டைப் அடிக்கச் சொல்லியோ, அப்போது தசை எப்படி ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள். சிலருக்கு ஓய்வில் அளவு சரியாகவே இருக்கும். வேலைக்குப் பிறகு கீழே இறங்கத்தான் நேரமெடுக்கும். அவர்களுக்குப் பயிற்சி அந்த இறக்கத்தில்தான்.

இலக்கைச் சின்னச் சின்னதாக வைக்கவேண்டும். அடிப்படை 6 மைக்ரோவோல்ட் என்றால் முதல் இலக்கு 5.5, முக்கால்வாசி நேரம் அதற்குக் கீழே நின்றால் அடுத்தது 5. முதல் நாளே 2 என்று வைத்தால் ஒலி நிற்கவே நிற்காது, முயற்சி கூடும், முயற்சியே நெற்றியைச் சுருக்கும். ஹால்ராய்ட் சோதனையில் பார்த்ததுபோல ‘முடியவில்லை’ என்று காட்டும் கருவி பாதிப் பலனை விழுங்கிவிடும். ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். எந்த அதிர்வெண் வரம்பை வடிகட்டுகிறது என்பதைப் பொறுத்து அதே நெற்றி ஒன்றில் 2 காட்டும், வேறொன்றில் 4 காட்டும்.

எண் திடீரென்று துள்ளினால் உடனே உங்களைக் குற்றம் சொல்லாதீர்கள். கண் சிமிட்டினாலும், எச்சில் விழுங்கினாலும், பல் பட்டாலும் நெற்றிச் சென்சாரில் முள் முள்ளாக ஏறும். சீராக, எப்போதும் உயரத்தில், தளர்த்தியும் இறங்காமல் நின்றால் பெரும்பாலும் சென்சார் ஒன்று தோலைவிட்டு எழும்பி, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிக்கிறது. சார்ஜரைக் கழற்றி, ஒயரை விளக்கிலிருந்து விலக்கி, சென்சாரை மாற்றி ஒட்டவேண்டும். இடது தோளில் சீரான இடைவெளியில் துடிக்கும் முள் என்றால் அது இதயத் துடிப்பு, தசை அல்ல.

விரல் சூடு, விலை மலிந்த கருவிகள்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், மெனிங்கர் நிறுவனத்தில் விரல் நுனியின் வெப்பத்தைக் கூட்டும் பயிற்சியை மைக்ரேனுக்கு முயன்றார்கள். இறுக்கத் தலைவலிக்கு இது முதன்மையான வழி இல்லை. ஆனால் இரண்டும் கலந்து வருகிறவர்களுக்கு உதவும், வீட்டிலும் எளிது. ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் வெப்பமானியை நடுவிரல் நுனியின் சதைப்பகுதியில் டேப்பால் ஒட்டுங்கள். விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே தடைப்படும். 10 நிமிடம் காத்திருந்து அளவைக் குறித்துக்கொண்டு, ‘கை கனக்கிறது, சூடாகிறது’ என்று மெல்லச் சொல்லியபடி 15 நிமிடம். வழக்கமான இலக்கு 35 டிகிரி செல்சியஸ்.

இங்கேதான் நம் ஊர் வெயில் ஏமாற்றும். மே மாதம் மதியம் அறையே 34 டிகிரி என்றால் விரலும் சும்மாவே 35 காட்டும்; நீங்கள் தளர்ந்ததற்கு அது சாட்சி இல்லை. விடியற்காலையிலோ, 24, 25 டிகிரி வைத்த ஏசி அறையிலோ, காற்று நேராகக் கையில் படாமல் செய்யுங்கள்.

விரல் வியர்வையை அளக்கும் சின்னக் கருவிகள் படபடப்பைக் காட்டும், தோள் இறுக்கத்தைக் காட்டாது. நெற்றியில் போன் கேமராவைக் காட்டினால் மனஅழுத்தம் தெரியும் என்கிற செயலிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மூச்சின் வேகத்தைக் காட்டும் இலவசச் செயலி ஒன்று போதும்.

12 வாரம் முடிந்தும் குறையவில்லை என்றால்

மூன்றை வரிசையாகப் பாருங்கள். மாத்திரை நாட்கள் உண்மையில் குறைந்தனவா? பயிற்சி வாரத்துக்கு ஐந்து நாளாவது நடந்ததா? மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ வரும் நாள்பட்ட வகையா?

மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் பயிற்சியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நாள்பட்ட வகையில் வலியைக் கையாளும் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. தசையைத் தளர்த்துவது மட்டும் அங்கே எட்டாது. 2001ல் ஹால்ராய்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அமிட்ரிப்டிலின் வகை மனச்சோர்வு மருந்து மட்டும் எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கும், தளர்வோடு கூடிய மனஅழுத்த மேலாண்மைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கும் வலி பாதிக்கு மேல் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவீதம். மருந்து வேகமாகத் தொடங்கியது, பயிற்சி மெதுவாக வந்து சேர்ந்தது. எனவே டயரியை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். 12 வாரக் குறியீடு எழுதிய நோட்டு, ‘எப்பவும் வலிக்குது டாக்டர்’ என்பதைவிட நூறு மடங்கு பேசும். நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் பயிற்சி செய்வதையும் அவரிடம் சொல்லுங்கள். ஆழ்ந்த தளர்வால் சிலருக்கு மருந்தின் அளவைத் திருத்தவேண்டி வரலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட வேகமாகவே பலன் கிடைக்கிறது. திரையில் ஏறி இறங்கும் கோடு அவர்களுக்கு விளையாட்டு. பதினாறு தொகுதி வேண்டாம். எலுமிச்சையைப் பிழிவதுபோலக் கை, ஆமை ஓட்டுக்குள் தலையை இழுப்பதுபோலத் தோள், ஈயை விரட்டுவதுபோல மூக்கு என்று ஆறேழு அசைவு, 10 நிமிடம் போதும். பக்கத்தில் உட்கார்ந்து ‘சரியாச் செய், சரியாச் செய்’ என்று சொல்லாமல் இருப்பது பெற்றோரின் பங்கு.

குறியீடு குறைந்தவர்கள் முழுப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாளாக்கலாம். ‘விடு’ மட்டும் தினமும் தொடரட்டும். கணக்கு முடிக்கும் மார்ச் மாதமோ பரீட்சைக் காலமோ வந்து வலி திரும்பினால், ஒரு வாரம் பதினாறு தொகுதிக்கே போய், டயரியையும் மறுபடி எடுத்து, நான்காவது பத்தியில் புதிதாக எது நுழைந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு புது நாற்காலியோ புது மூக்குக்கண்ணாடியோ அங்கே எழுதியிருக்கும்.